எண் இருந்தால் ஊர் வரை போகலாம்

மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கச் சான்றிதழ்கள். வலது ஓரத்தில் அவருடைய பிறப்புச் சான்றிதழ். அதற்கு இடப்பக்கம் அவருடைய பெற்றோரின் திருமணச் சான்றிதழ், பிறகு அப்பாவின் பிறப்பு, தாத்தாவின் திருமணம், தாத்தாவின் பிறப்பு என்று இடது ஓரம் வரை வரிசை போகிறது. கடைசியில் ஒரு காகிதம் வைக்கும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.

"எல்லாரும் கப்பலிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறார்கள் ஐயா. கப்பலிலிருந்து தொடங்கினால் யாரும் கிடைக்க மாட்டார்கள். நம்மிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும்" என்றார்.

மொரிஷியஸ் தமிழர்களுக்கு வீட்டு மொழி கிரியோல். தமிழ் அவர்களுக்குப் பள்ளியிலும் கோவிலிலும் கற்ற மொழி. அம்மையாரின் தமிழ் பாடப்புத்தகத் தமிழ். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து, விகுதி கெடாமல் பேசுகிறார். அவர் கேட்டுக்கொண்டபடி குடும்பப் பெயரையும் முன்னோரின் எண்ணையும் நான் இங்கே எழுதவில்லை. அந்தக் காகிதங்கள் ஒன்றையொன்று எப்படி இழுத்து வந்தன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

1834 நவம்பர் 2ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலிகளை போர்ட் லூயிஸில் இறக்கியது. மூன்று மாதம் கழித்து, 1835 பிப்ரவரி 1ஆம் தேதி தீவில் அடிமைமுறை ஒழிந்தது. அன்று தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1859ஆம் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல். பெரும்பான்மையோர் கல்கத்தாவில் கப்பலேறிய பீகாரிகள், போஜ்புரி பேசுபவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தமிழரும் தெலுங்கரும் அதில் வருகிறார்கள்.

தேடப் புறப்படுகிறவர் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மொரிஷியஸ் தமிழர் அனைவரும் இந்தக் கூலிக் கப்பல்களில் வந்தவர்கள் அல்லர். அதற்கு நூறாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் போர்ட் லூயிஸைக் கட்ட வந்தார்கள். நகரின் கிழக்கே அவர்கள் குடியிருந்த பகுதிக்கே மலபார் முகாம் என்று பெயர். அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்களும் உண்டு. இவர்களுடைய வழியில் பிறந்தவர்கள் ஒப்பந்தக் கூலிப் பதிவேடுகளில் எத்தனை நாள் தேடினாலும் ஒரு வரி கூடக் கிடைக்காது. அவர்களுடைய தடம் தேவாலயப் பதிவுகளிலும் நோட்டரிப் பத்திரங்களிலும் இருக்கிறது. எந்தக் காலத்தில் வந்த குடும்பம் என்பது தெரியாமல் காப்பகப் படியேறுவது வீண் அலைச்சல்.

அம்மையார் குடும்பத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. தெற்கே ஒரு சர்க்கரை எஸ்டேட்டில் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டினார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிக்கல் பெயரில்தான் இருந்தது.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். சென்னையில் கப்பலேறும்போது ஆங்கிலம் தெரிந்த எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். இங்கே இறங்கிய பின் பிரெஞ்சு பேசும் எழுத்தர் அதைத் தம் நாவுக்கு ஏற்ப மாற்றினார். ஆறுமுகம் 'ஆர்முகோம்' ஆனார், சின்னத்தம்பி 'சினதம்பு' ஆனார், வேலாயுதன் 'வலைதோன்' ஆனார். அதற்கு மேல் இன்னொன்று. மகன் பிறந்தபோது அப்பா பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராக விழுந்தது. பேரன் பிறந்தபோது மகனுடைய பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராயிற்று. எந்தத் தலைமுறையில் எந்தப் பெயர் உறைந்து நின்றதோ அதுவே இன்றைய குடும்பப் பெயர். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப் பெயரோடு இரண்டு வம்சமாகப் பிரிந்து போனதும் நடந்திருக்கிறது. அம்மையார் வீட்டிலேயே அப்படி ஒரு கிளை இருக்கிறது. கல்யாண வயதுப் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும்போதுதான் இரண்டு குடும்பமும் பங்காளிகள் என்பது ஒரு பாட்டி சொல்லித் தெரிந்ததாம்.

மேசையில் தாத்தாவின் அப்பா வரை சான்றிதழ் இருந்தது. அங்கேதான் சங்கிலி அறுந்தது. அவருடைய பிறப்புப் பதிவில் அம்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பா என்ற இடத்தில் எதுவும் இல்லை.

இதைப் பார்த்ததும் வீட்டில் சில பேர் முகம் சுளித்தார்களாம். தேவையே இல்லை. அந்தக் காலத்தில் அரசுப் பதிவில் ஏறாத திருமணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. பந்தல் போட்டு, தாலி கட்டி, ஊர் கூடி நடத்தினாலும் காகிதத்தில் அந்தப் பிள்ளைகள் தகப்பன் இல்லாதவர்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பதிவில் இந்த வெற்றிடம் இருக்கிறது. அதை அவமானமாக எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிட்ட குடும்பங்கள் உண்டு என்று அம்மையார் வருத்தத்தோடு சொன்னார். சட்டம் செய்த அநியாயத்தைப் பாட்டியின் தலையில் ஏற்றக் கூடாது என்று அவர் தம் சொந்தக்காரர்களிடம் வாதாடியிருக்கிறார். அந்த வாதத்தை நானும் முழு மனதோடு ஏற்கிறேன்.

அறுந்த சங்கிலியை இணைத்தது ஒரு நிலப் பத்திரம்.

பத்திரம் இருந்தது அம்மையாரின் அத்தை வீட்டுத் தகரப் பெட்டியில். 1960ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் அடித்த 'கரோல்' புயலில் தீவின் ஓலை வீடுகளும் தகர வீடுகளும் பறந்து போயின. எத்தனையோ குடும்பங்களின் காகிதங்கள் அன்றோடு முடிந்தன. இந்த அத்தை வீடு கல் வீடு, தப்பித்தது. பெட்டிக்குள் கோவில் வரி ரசீதுகள், தையல் மெஷின் வாங்கிய தவணைச் சீட்டு, ஒரு மாரியம்மன் படம், அடியில் நாலாக மடித்த பத்திரம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் விட்டுப் போயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரை விலை விழுந்தபோது தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக விற்றார்கள். வயிற்றைக் கட்டிச் சேர்த்த கூலிகள் தவணையில் வாங்கினார்கள். இந்தியர்கள் இந்தத் தீவில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனது பெரும்பாலும் இப்படித்தான். விற்பனையை நோட்டரி பிரெஞ்சில் எழுதினார். வாங்குபவர் பெயர் பல பேருக்கு ஒன்றாக இருந்ததால், ஆளை அடையாளம் காட்ட அவருடைய குடியேற்ற எண்ணையும் பத்திரத்தில் சேர்த்து எழுதுவது வழக்கம். தகரப் பெட்டிப் பத்திரத்தில் வாங்குபவர் பெயருக்குப் பின்னால், ஒப்பந்தம் முடித்த பழைய குடியேறி என்ற குறிப்பும் ஆறு இலக்க எண் ஒன்றும் இருந்தன. அதே பத்திரத்தில், நிலம் தனக்குப் பின் சேர வேண்டிய மகன் என்று மேசையில் தகப்பன் இல்லாமல் கிடந்த அந்தப் பிள்ளையின் பெயரும் இருந்தது.

பதிவு அலுவலகம் கொடுக்காத தகப்பனை நிலம் கொடுத்தது.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்ட் லூயிஸில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், ஆண் பெண் குழந்தை என்ற பேதமில்லாமல், ஒரு எண் கொடுத்தார்கள். வரிசையாக ஏறிக்கொண்டே போன எண். ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடையாது. எஸ்டேட் மாறினாலும் பெயரை எழுத்தர் சிதைத்தாலும் எண் மாறவில்லை. திருமணம், பிள்ளைப் பிறப்பு, போலீஸ் வழக்கு, ஆஸ்பத்திரி, சாவு எல்லாவற்றிலும் அது கூடவே வந்தது. ஆளைத் தப்ப விடாமல் பிடித்து வைக்க உண்டாக்கிய எண் அது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்ட காலம். மாதக் கூலியே 5 ரூபாய்தான். அந்தக் கணக்கு தவறாமல் இருக்கத்தான் எண்ணும் தவறாமல் இருந்தது. இத்தனையும் தெரிந்த பிறகும், பத்திரத்தில் அந்த ஆறு இலக்கத்தைப் பார்த்தபோது அம்மையார் அதன்மேல் விரலை வைத்து இரண்டு முறை வாசித்தார். எனக்கும் நெஞ்சு படபடத்தது.

மோக்காவில் மலைச்சாரலை ஒட்டி மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது. இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இங்கேதான் உள்ளன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இவை இடம்பெற்றிருக்கின்றன. வருகைப் பதிவேடுகள், கப்பல் பட்டியல்கள், திருமணப் பதிவேடுகள், திரும்பிப் போனவர்கள் பட்டியல், புகைப்படத் தொகுதிகள் என்று தோல் முதுகு வைத்துக் கட்டிய கனத்த புத்தகங்கள். இவற்றை நாமாகப் புரட்ட முடியாது. வம்சத்தில் வந்தவர் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். காப்பாளர்கள் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள், சான்றளித்த நகல் கொடுப்பார்கள். காகிதங்களின் நிலையைப் பார்த்தால் இந்தக் கட்டுப்பாடு நியாயம் என்றே தோன்றுகிறது. ஓரங்கள் கை பட்டால் உதிர்கின்றன. மை சில பக்கங்களில் காகிதத்தையே அரித்துவிட்டது.

கூடத்தில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். இந்திய அரசின் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டையை மொரிஷியஸில் ஏழாம் தலைமுறை வரை கொடுப்பது என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் முர்மு இங்கே வந்தபோது அறிவித்தார். அதற்கு முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததற்கான அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி இந்தப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. அட்டைக்காக வந்தவர்கள் பலர், அட்டையைப் பற்றிக் கவலையே இல்லாமல் வந்தவர்களும் உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் ஒருவன் கையில் நகலை வாங்கியதும் அம்மாவுக்கு போன் செய்து கிரியோலில் ஊர்ப் பெயர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அது பீகார்ப் பக்கத்து ஊர் போலிருந்தது. சரியாக உச்சரிக்கிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அம்மையாரின் முறை வந்தது. எண்ணைக் கொடுத்தார். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான முத்துசாமிகளும் ராமசாமிகளும் வந்து நிற்பார்கள். எண்ணுக்கு ஒரே ஒரு வரி.

அந்த வரியைக் காப்பாளர் நிதானமாக வாசித்துக் காட்டினார். கப்பலின் பெயர், வந்த தேதி. 1850களின் பிற்பகுதி. பெயர், அப்பாவின் பெயர். வயது 22. உயரம் 5 அடி 3 அங்குலம். அடையாளம்: இடது புருவத்துக்கு மேல் தழும்பு. எந்த எஸ்டேட்டுக்கு ஒதுக்கப்பட்டார். ஜில்லா: தென்னார்க்காடு. தாலுகா: எழுதவில்லை. ஊர்: புதுப்பாளையம்.

"இடது புருவம்" என்று அம்மையார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அப்பாவின் பெயரை வாசிக்கச் சொன்னார். காப்பாளர் வாசித்தார். ஆங்கில எழுத்தில் நெளிந்து கிடந்த அதை அம்மையார் தமிழில் சரியாக எழுதிப் பார்த்தார். கப்பலேறாத ஒரு மனிதரின் பெயர் அது. தென்னார்க்காட்டில் எங்கோ வாழ்ந்து அங்கேயே மறைந்தவர். மகன் கடல் தாண்டிப் போனதால் மட்டும் அவருடைய பெயர் காகிதத்தில் நின்றிருக்கிறது.

என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டுப் பார்த்த வரை என் உறவில் யாருக்கும் தெரியாது. அவர் எவ்வளவு உயரம் என்று எழுதி வைக்க எவருக்கும் தேவை இருந்ததில்லை.

பதிவேட்டில் சாதி என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே மெல்லிய குரலில்தான் பேசுகிறார்கள். எழுத்தர் தமக்குப் புரிந்ததை எழுதினார். வந்தவர்களில் சிலர் வேறு சாதியைச் சொல்லி ஏறினார்கள். தோட்டத்து லயத்தில் எல்லாரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். அம்மையார் அந்தக் கட்டத்தை வாசிக்க வேண்டாம் என்று காப்பாளரைக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. ஊரைத் தேட அது உதவுமே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கட்டத்தைக் கடந்து போவது என்று அந்தக் குடும்பம் எடுத்த முடிவு என் ஆராய்ச்சி ஆர்வத்தை விடப் பெரியது.

புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டோம். 1860களின் நடுவிலிருந்து குடியேறிகளைப் படம் பிடித்துச் சீட்டில் ஒட்டத் தொடங்கினார்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடித்தவர்கள் எல்லாரும் படம் ஒட்டிய சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சீட்டு கையில் இல்லாதவரைத் தெருவிலேயே பிடித்துத் திரிபவர் என்று அடைத்தார்கள். அதே ஆண்டுதான் மலேரியா தீவைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அந்த வருடச் சாவுப் பதிவேடுகள் மற்ற வருடங்களை விடப் பல மடங்கு கனம். இந்தச் சீட்டுக் கொடுமையை எதிர்த்து 1871இல் 9,401 பேர் விண்ணப்பம் கொடுத்தார்கள். அதை எழுத உதவியவர் அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர். அதன் பிறகுதான் அரச விசாரணைக் குழு வந்தது. அந்த 9,401 பேரில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கும்? தெரியாவிட்டாலும் முன்வந்து நின்றார்கள். பூர்வீகம் தேடுகிறவர்கள் கப்பல் பட்டியலோடு நிறுத்திவிடாமல் இந்தப் பக்கமும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நம்மவர் வந்த தேதியைப் போலவே, அவர் எதிர்த்து நின்ற தேதியும் குடும்ப வரலாறுதான்.

எங்கள் ஆளின் படம் கிடைக்கவில்லை. தொகுதிகள் முழுதாக இல்லை. ஆனால் அந்தக் காலத்து வேறு படங்கள் அங்கே காட்சியில் இருக்கின்றன. உட்கார வைத்து நேராகப் பார்க்கச் சொன்ன முகங்கள். தலைப்பாகை கட்டிய கிழவர், கழுத்து நிறையக் காசுமாலை போட்ட பெண், சட்டைப் பொத்தான் இல்லாத பையன். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகத்திலும் எனக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் சாயல் இருந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டிலும் திண்டிவனம் சந்தையிலும் தினம் பார்க்கிற முகங்கள். அம்மையார் ஒரு பெண்ணின் படத்தின் முன் வெகு நேரம் நின்றார். அதுதான் அவரை அடுத்த கேள்விக்குக் கொண்டு போனது.

"நாம் தேடியது எல்லாம் ஆண்களை ஐயா. என் அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா. அந்தத் தகப்பன் இல்லாத பிறப்புப் பதிவில் பெயர் இருந்தது யாருக்கு? தாய்க்கு. அவளுக்கும் எண் இருக்கும் அல்லவா?"

பூர்வீகம் தேடுகிற எல்லாரும் செய்கிற காரியம் இது. குடும்பப் பெயர் ஆண் வழியில் வருவதால் தேடலும் ஆண் வழியிலேயே ஓடுகிறது. ஆனால் அந்தப் பெண்களும் தனியாக எண் வாங்கி இறங்கியவர்கள். வந்தவர்களில் அவர்கள் குறைவு. குடியேற்றத்தின் தொடக்க வருடங்களில் நூறு ஆண்களுக்கு மிகச் சில பெண்களே வந்தார்கள். பிறகுதான் இத்தனை ஆணுக்கு இத்தனை பெண் என்று அரசு விகிதம் வைத்தது. கணவனோடு வந்தவள், விதவையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், வீட்டை விட்டுப் புறப்பட்டு ஒற்றையாளாக வந்தவள் என்று பலவிதம். ஒவ்வொருத்திக்கும் பதிவேட்டில் ஒரு வரி. அவளுடைய உயரமும் தழும்பும் ஊரும் அதில் உண்டு.

பிறப்புப் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தால், அம்மா பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக எண் இருந்தது. தகப்பன் இல்லையே என்ற கவலையில் வீட்டில் யாரும் அதைக் கவனித்ததில்லை. காப்பாளர் அந்த எண்ணுக்குப் போனார். வேறு கப்பல், வேறு வருடம். புருவத் தழும்புக்காரர் வந்து நாலு வருடம் கழித்து வந்திருக்கிறாள். வயது 19. கூடவே இரண்டு வயதுப் பெண் குழந்தை, அதற்கு அடுத்த எண். ஜில்லா: தஞ்சாவூர்.

அந்தக் குழந்தையைப் பற்றிக் குடும்பத்தில் எந்தக் கதையும் இல்லை. வளர்ந்தாளா, மலேரியா வருடத்தில் போனாளா, அவளுடைய பிள்ளைகள் தீவில் எங்கேனும் இருக்கிறார்களா? அவளுடைய எண்ணை அம்மையார் நோட்டில் தனியாக, பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் போனோம். 1849இல் கட்டத் தொடங்கிய குடியேற்ற முகாம். 2006இல் உலக பாரம்பரியச் சின்னமானது. முகாமின் பெரும்பகுதியை நெடுஞ்சாலையும் துறைமுகமும் எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சமிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பகுதி, வாயிற்காவலர் அறை, கழிப்பிடங்களின் அடித்தளம், கப்பலிலிருந்து ஏறி வந்த கருங்கல் படிகள். வந்தவர்களை இங்கே இரண்டு நாளாவது தங்க வைத்து, எண் கொடுத்து, தோட்டக்காரர்களுக்கு ஒதுக்கினார்கள். நன்றாகப் பராமரிக்கிறார்கள், விளக்கக் கூடமும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு மோக்காவில் கேட்ட அந்த ஒரு வரியே அதிகம் பேசியது. கட்டடம் எல்லாருக்கும் பொது. வரி ஒரே ஒருவருக்கு.

பதிவேட்டில் ஊர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்க வேலை அங்கேதான் தொடங்குகிறது. அதை அம்மையார் என்னிடம் ஒப்படைத்தார்.

தென்னார்க்காடு ஜில்லா இன்று வரைபடத்தில் இல்லை. 1993இல் அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. தாலுகா தெரியாமல் புதுப்பாளையத்தைத் தேடுவது பெரும்பாடு. புதிதாகக் குடியேறிய ஊருக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பழைய ஜில்லாவுக்குள்ளேயே பல ஊர்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய கிராமப் பட்டியல்களையும் நிலவரித் திட்டப் பதிவுகளையும் பார்க்கலாம். கிராமம் அன்று எந்தத் தாலுகாவில் இருந்தது, ஏரி எத்தனை, புன்செய் எவ்வளவு என்பது தெரியும். ஆள் பெயர் தெரிய வேண்டுமானால் அவர் பட்டாதாராக இருந்திருக்க வேண்டும். 22 வயதில் மேஸ்திரி பேச்சை நம்பிச் சென்னைக்கு நடந்து வந்து கப்பலேறியவன் வீட்டில் பட்டா இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவனைப் போன்றவர்களின் பெயரை அன்றைய நம் கிராமக் கணக்கில் தேட முடியாது. கிராமக் கணக்கு நிலத்தை எழுதியது. நிலத்தில் வேலை செய்தவனை அது எழுதவில்லை. கூலிக் கப்பல்தான் முதன்முதலில் அவனை அப்பா பெயரோடு எழுதியது. இதைச் சொல்லவே மனம் கசக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

காகிதம் நின்ற இடத்தில் வாய்மொழி கை கொடுக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மையாரின் அத்தையைப் பார்க்கப் போயிருந்தோம். தொண்ணூறை நெருங்கியவர், தமிழ் பேச வராது. வருடத்துக்கு ஒருமுறை பின்கட்டில் வைத்துக் கும்பிடுவார்களே, அது என்ன சாமி என்று அம்மையார் கிரியோலில் கேட்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு அவருடைய பாட்டி சொன்னதை ஒப்பித்தார். எல்லாம் புரியவில்லை. ஆனால் நடுவில் மூன்று பெயர்கள் பிசகாமல் வந்தன: பச்சையம்மா, வாழ்முனி, செம்முனி.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்த மூவரையும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே, ஏரிக்கரையிலோ தோப்பிலோ பச்சைவாழியம்மன் இருப்பாள். எதிரே முனிகள் மீசை முறுக்கி, கத்தி பிடித்து, இரண்டு ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள். குலதெய்வம் அவர்கள்தான் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் ஆடி மாதம் வண்டி கட்டிக்கொண்டு போகின்றன. எழுத்தர் விட்டுப்போன தாலுகாவை அத்தையின் பாட்டி மனப்பாடமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். புதுப்பாளையம் என்ற பெயருள்ள ஊர்களில், பச்சையம்மன் கோவில் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் எது என்று தேட வேண்டும். இது உறுதியான சாட்சி ஆகாது. ஆனால் பட்டியலைச் சுருக்கும். அந்தக் கோவில்களின் திருவிழாவுக்குக் கூடுகிற பங்காளிகள் நடுவே, புருவத் தழும்புக்காரரின் அப்பா பெயர் எந்த வகையறாவிலாவது திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்கலாம். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

இப்போது என்னிடம் ஐந்து ஊர்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஆடியில் இரண்டுக்காவது போய்விட வேண்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து அம்மையார் போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். பெரிய எழுத்தில் குறித்துக்கொண்ட அந்தக் குழந்தையின் எண்ணோடு மறுபடி மோக்கா போயிருக்கிறார். திருமணப் பதிவேட்டில் அதே எண் இருக்கிறதாம். அவள் வளர்ந்திருக்கிறாள், 17 வயதில், கிழக்கே ஒரு எஸ்டேட்டில் கல்யாணம். கணவனுடைய எண்ணும் பக்கத்தில் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளின் பிறப்புப் பதிவைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். அந்தப் பேரப்பிள்ளைகள் தனக்கு என்ன முறை ஆவார்கள் என்று கேட்டிருந்தார். தமிழில் அதற்கு என்ன சொல்வது என்று பாடப்புத்தகத்தில் இல்லையாம். எந்தத் தலைமுறை என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும், பதிவு கிடைத்ததும் நகலை அனுப்புங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.